மேடம் ஷென்னின் வலது தோள்

எண்ணெய் தேய்த்து உடம்பைப் பிடித்துவிடும் உழிச்சல் நடக்கும்போது நோயாளி தோணியிலிருந்து எழுந்து உட்காரக் கூடாது. தோணி என்பது ஆள் நீளத்துக்குக் குடைந்த மரப் படுக்கை. வருஷக்கணக்காக எண்ணெய் குடித்த மரம் வழுக்கும். உடம்பெல்லாம் எண்ணெயோடு கையை ஊன்றினால் கை போகும், காலை ஊன்றினால் கால் போகும். வேலைக்குச் சேருகிற பெண்ணுக்கு முதலில் சொல்லித் தருவது இதைத்தான். நோயாளிக்கும் படுக்க வைக்கும் முன்பே சொல்லிவிடுவோம்.

மேடம் ஷென்னிடமும் சொல்லியிருந்தோம். கேட்கிற ஆளா அவர்? பாதி உழிச்சலில் எழுந்து உட்கார்ந்து, கண்ணின் மேல் கட்டியிருந்த துணியை இடது கையால் பிடுங்கி எறிந்துவிட்டு, "ஸ்டாப்" என்றார். தோணிக்கு இடது பக்கம் நான் நின்றேன். வலது பக்கம் சுலோச்சனா. இருவரும் கையைத் தூக்கியபடி அப்படியே நின்றோம். எண்ணெய் சூடு கூடிவிட்டதோ, எங்காவது பொள்ளிவிட்டதோ என்று அவர் தோளைப் பார்த்தேன். மேடம் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்கு எங்கள் பாஷை ஒரு சொல் தெரியாது. எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்து ஒரு வாரம்தான் தாண்டியிருந்தது.

"நீங்கள் ரெண்டு பேர். சண்டை. பேச்சு இல்லை. எனக்குத் தெரியும்," என்றார்.

இதை நான் எழுதுவது இப்போது டிப்ளமா வாங்கிக்கொண்டு தெரபிஸ்ட் என்ற பெயரோடு வேலைக்கு வருகிற பெண்களுக்காக. எங்கள் காலத்தில் அந்தப் பெயர் கிடையாது. உழிச்சல்காரி என்பார்கள், அதுவும் மரியாதை இருக்கும் நாளில்.

1. மீன மாதத்தில் வந்தவர்

நான் கேரளத்தில் சாலை என்கிற கடைத்தெருவில் பிறந்து வளர்ந்தவள். அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து அந்தக் கம்போளத்தில் ஒரு பலசரக்கு மொத்தக் கடையில் நின்றவர். பழவங்காடிப் பிள்ளையார் கோயிலிலிருந்து நடந்து போகும் தூரத்தில் ஒரு ஆயுர்வேத ஆஸ்பத்திரி இருந்தது. பெண் நோயாளிகளைப் பெண்கள்தான் தொட வேண்டும் என்பது அங்கே கண்டிப்பு. அதனால் எங்களைப் போன்றவர்களுக்கு வேலை இருந்தது. எனக்கு ஒரு இடத்தில் சும்மா இருக்க வராது. வீட்டில் உட்கார்ந்தால் எதையாவது நகர்த்திக்கொண்டே இருப்பேன் என்று திட்டு வாங்கியவள். தோணிப் பக்கத்தில் நின்றால்தான் என் கைகாலுக்கு ஒரு வழி கிடைத்தது.

மேடம் ஷென் வந்தது தொண்ணூறுகளின் கடைசியில். உழிச்சலுக்கு ஏற்ற காலம் மழை பெய்யும் ஆடி மாதம். இங்கே கர்க்கடகம் என்பார்கள். அப்போது வரச் சொல்லித்தான் எங்கள் வைத்தியர் எழுதியிருந்தார். இந்த அம்மாள் அதற்கெல்லாம் காத்திருக்கவில்லை. கொளுத்துகிற மீன மாதத்தில், நம் பங்குனியில், பெட்டியோடு வந்து இறங்கிவிட்டார். சீனாக்காரர், ஐம்பதைத் தாண்டியவர். ஒல்லி, குட்டை முடி. வலது கை விலாவோடு ஒட்டியிருந்தது. அக்குளில் பொட்டலம் ஒன்றை இடுக்கிக்கொண்டு நிற்பவரைப் போல இருந்தார். அந்தக் கையை விலாவிலிருந்து ஒரு சாண் விலக்கினால் முகம் வெளுத்துவிடும்.

வைத்தியர் நாடி பார்த்து, தோளைப் பிடித்துப் பார்த்து, வழக்கமான கட்டளைகளைச் சொன்னார். "எழுத்து வேண்டா. வாயன வேண்டா. சிந்தயும் வேண்டா." எழுதக் கூடாது, படிக்கக் கூடாது, யோசிக்கவும் கூடாது. நான் அதை எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். யோசிக்காமல் இருக்க வேண்டுமென்றால் செத்துப்போன பிறகு வருகிறேன் என்று மேடம் பதில் சொன்னார். அவர் என்ன சொல்கிறார் என்று வைத்தியர் என்னிடம் கேட்டார். சரி என்கிறார் என்றேன்.

மேடத்தின் ஆங்கிலமும் என் ஆங்கிலமும் ஒரே வகுப்பில் பெயிலானவை. அதனால் எங்களுக்குள் நன்றாகப் புரிந்தது. அவர் பேசியதை இங்கே தமிழில் எழுதுகிறேன். அவர் பேசியபடியே துண்டு துண்டாகத்தான் எழுத வேண்டும்.

சிகிச்சையில் இருப்பவர் பகலில் தூங்கக் கூடாது. மத்தியானக் கஞ்சி முடிந்ததும் அவரைத் தூங்கவிடாமல் பேச்சுக் கொடுப்பது என் டியூட்டி. வராந்தாவில் நாற்காலி போட்டு உட்கார வைப்பேன். அவர் எங்கே உட்கார்ந்தார்? இரண்டு வாக்கியம் பேசுவார், எழுந்து நடப்பார், திரும்பி வந்து நாற்காலியின் கையில் இடது கை விரலால் தட்டிக்கொண்டே இருப்பார். பழவங்காடிப் பிள்ளையாருக்கு உடைக்கிற தேங்காய்ச் சத்தம் காற்று இந்தப் பக்கம் அடித்தால் கேட்கும். முதல் நாள் அது என்ன என்று கேட்டார், சொன்னேன். அடுத்த காய் எப்போது உடையும் என்று தெரியாமல் அவரால் நிம்மதியாக இருக்க முடியவில்லை. ஒரு காய் உடைந்ததும் அடுத்ததற்காகக் காதை நீட்டிக்கொண்டு நிற்பார். அது வராவிட்டால் என் மேல் எரிந்து விழுவார்.

உங்கள் நாட்டிலேயே ஊசி வைத்தியம் இருக்கிறதே, இங்கே எதற்கு வந்தீர்கள் என்று கேட்டேன். ஊசி, கப்பு வைத்து உறிஞ்சுவது, மூலிகைப் புகை, கரண்ட் ஷாக் என்று எல்லாவற்றையும் விரல் விட்டுச் சொன்னார். எதற்கும் தோள் அசையவில்லை. ஏதோ ஒரு விழாவில் சந்தித்த கேரளத்து மிருதங்கக்காரர் இந்த ஊரைச் சொல்லியிருக்கிறார். கிளம்பிவிட்டார்.

அவர் இசையமைப்பாளர். நம் சினிமா இசையமைப்பாளர்கள் மாதிரி அல்ல. நூறு பேர் உட்கார்ந்து வாசிக்கிற பெரிய ஆர்க்கெஸ்ட்ராவுக்கு, ஒவ்வொரு வாத்தியமும் என்ன வாசிக்க வேண்டும் என்று ஒரே காகிதத்தில் எழுதுகிறவர். அப்பா ஒரு ஆற்றங்கரை நகரத்தில் பள்ளிக்கூட சங்கீத வாத்தியார். வீட்டில் வயலின். பெரிய சங்கீதக் கல்லூரியில் சேர்ந்த கொஞ்ச நாளில் அவர்கள் நாட்டில் எல்லாம் தலைகீழானது. படித்த பிள்ளைகளை வடக்கே பண்ணைகளுக்கு அனுப்பினார்கள். உறைந்த மண்ணை வெட்டியிருக்கிறார், பன்றிக் கொட்டகை கழுவியிருக்கிறார். வயலின் தெரியும் என்று தெரிந்ததும் பண்ணையின் பாட்டுக் குழுவில் போட்டார்கள். அறுவடைக்குப் பாட்டு, அணைக்கட்டுக்குப் பாட்டு, டிராக்டருக்குப் பாட்டு. எல்லாம் எழுதியது இவர். காகிதத்தில் பெயர் இருக்கும் இடத்தில் "குழு" என்று போடுவார்கள். தனி ஆள் பெயர் போடுவது தப்பு.

"ஒரு பாட்டு. இன்றைக்கும் எல்லாப் பள்ளிக்கூடத்திலும் பாடுகிறார்கள். பன்றிக் கொட்டகையில் நான் போட்டது," என்றார்.

இப்போது சொல்லலாமே மேடம் என்றேன். சொன்னால் குழுவில் இருந்த மற்றவர்களும் தாங்கள்தான் என்பார்களாம், அவர்களும் ஒரு வரி இரண்டு வரி சேர்த்தவர்கள்தானாம், பொய் என்று சொல்ல முடியாதாம். பிறகு காலம் மாறி, கல்லூரிக்குத் திரும்பி, வாத்தியாராகி, நாட்டிய நாடகங்களுக்கு எழுதினார். அதிலும் மேலே நாடகக் குழுவின் பெயர், கண்டக்டரின் பெயர். ஐம்பது வயதில் முதல் முறையாக ஒரு ஆர்க்கெஸ்ட்ரா, உங்கள் பெயரில் ஒரு பெரிய படைப்பு எழுதுங்கள் என்று கேட்டிருக்கிறது. நாலு பாகம். மூன்று முடிந்துவிட்டது. நாலாவதின் பாதியில் தோள் பூட்டிக்கொண்டது.

அந்தக் காகிதத்தைப் பார்த்தேன். நம் காலண்டர் அளவுக்குப் பெரியது. மேலே புல்லாங்குழல்கள், கீழே இறங்க இறங்கப் பெரிய வாத்தியங்கள், அடியில் ஆள் உயர வயலின்கள். கடைசியாக எழுதியிருந்த பக்கத்தில் அடிப்பாகம் மட்டும் நிறைந்திருந்தது. மேலே எட்டும்போது பேனா விழுந்துவிடுகிறது. காகிதத்தைக் கீழே இழுத்துக்கொள்ளலாமே என்று யோசனை சொன்னேன். இழுத்தும் காட்டினார். அகலத்துக்குக் கையை நகர்த்த வேண்டுமே, அங்கேயும் நின்றுபோயிற்று. நீங்கள் சொல்லச் சொல்ல வேறு யாராவது எழுதக் கூடாதா என்று கேட்டதுதான் தப்பு. அன்று அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை.

2. செங்கல்

இனி சுலோச்சனா விஷயம். அவள் என்னைவிட மூத்தவள், மலையாளி. சுலோச்சனா சேச்சி என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். அந்த வருஷம் மாசியோடு சேச்சி போய் வெறும் சுலோச்சனா ஆனாள்.

இந்த ஊரில் ஆற்றுகால் பொங்காலைக்கு லீவு கேட்காத பெண் கிடையாது. ஊர் முழுக்க ரோட்டோரம் அடுப்பு மூட்டி அம்மனுக்குப் பொங்கல் வைக்கிற நாள். ஆனால் பாதி சிகிச்சையில் இருக்கிற நோயாளியை நிறுத்த முடியாது. ஒரு ஜோடியில் ஒருத்திக்குத்தான் லீவு. நாங்கள் இருவரும் ஒரு வருஷம் அவள், ஒரு வருஷம் நான் என்று வைத்திருந்தோம். அந்த வருஷம் என் முறை. பானை வாங்கி, அரிசி வெல்லம் எடுத்து வைத்து, கிழக்கேகோட்டையில் செங்கல் வைத்து அடுப்புக்கு இடமும் பிடித்துவிட்டேன். முந்தின நாள் சாயங்காலம் பார்த்தால் லீவு சுலோச்சனாவுக்கு. மகனுக்கு கல்ஃப் விசா கிடைக்க நேர்ந்துகொண்டாளாம். நேரே வைத்தியரிடம் போய் அழுதிருக்கிறாள். என்னிடம் ஒரு வார்த்தை இல்லை. கேட்டிருந்தால் விட்டுக்கொடுத்திருப்பாயா என்று நீங்கள் கேட்கக் கூடாது. அவள் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

மறுநாள் தூக்குப் பாத்திரத்தில் பாயசம் கொண்டுவந்து, "ஈஸ்வரீ, இந்தா," என்று நீட்டினாள். நான் வாங்கவில்லை. அன்றிலிருந்து பேச்சு நின்றது. இப்போது கேட்டாலும் அவள் செய்தது சரியில்லை என்றுதான் சொல்வேன்.

பேச்சு நின்றதால் வேலை நிற்குமா? இருவரும் தினம் ஒரே தோணியின் இரண்டு பக்கமும் நின்றோம். அங்கேதான் சிக்கல். தோணிக்கு இரண்டு பக்கமும் ஆள் நிற்பது அலங்காரத்துக்காக அல்ல. கழுத்தில் தொடங்கி இரண்டு தோள், இரண்டு முழங்கை, இரண்டு மணிக்கட்டு என்று இரண்டு பேரின் கையும் ஒரே சமயத்தில் இறங்கி ஒரே சமயத்தில் ஏற வேண்டும். ஒருத்தி தோளில் இருக்கும்போது இன்னொருத்தி முழங்கைக்குப் போய்விட்டால் நோயாளியின் உடம்பு எண்ணெயில் லேசாக உருளும். உருளும் உடம்பு விழுந்துவிடுவோமோ என்று தன்னை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். இறுகின தசையில் குடம் குடமாகத் தைலம் ஊற்றினாலும் பலன் இல்லை. பழகின ஜோடி எண்ணிக்கொண்டு செய்யாது. ஒரு பார்வை, ஒரு "ம்" போதும். எங்களுக்குள் பார்வையும் இல்லை, "ம்"மும் இல்லை. நான் கோபத்தில் வேகமாக இழுத்தேன். அவள் வீம்புக்கு மெதுவாக இழுத்தாள். மற்ற நோயாளிகள் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. வலி போகவில்லை என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்கள்.

3. போன்

மேடம் வந்து ஒரு வாரத்துக்கு மேலாயிற்று. தோளில் ஒரு மாற்றமும் இல்லை. அப்போது ரிசப்ஷனுக்கு சீனாவிலிருந்து அவருடைய மகளின் போன் வந்தது. அவர் கையெல்லாம் எண்ணெய், ரிசீவரைக் காதில் நான்தான் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒன்றும் புரியாவிட்டாலும் மகள் சமாதானம் சொல்கிறாள் என்று தெரிந்தது. போனை வைத்ததும் மேடம் வராந்தாவின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடக்க ஆரம்பித்தார். அங்கிருந்து வெயிலில் முற்றத்தில் இறங்கினார். எண்ணெய் தேய்த்த தலையில் வெயில் படக் கூடாது. குடையைப் பிடித்துக்கொண்டு நான் பின்னாலேயே ஓடினேன். அவர் நின்றால்தானே நான் நிற்பதற்கு.

நடந்துகொண்டேதான் விஷயத்தைச் சொன்னார். ஆர்க்கெஸ்ட்ராவுக்கு இனிமேல் காத்திருக்க முடியாதாம். ஊர் திரும்பும்போது கடைசிப் பாகம் முடிந்திருக்காவிட்டால் அவருடைய பழைய மாணவன் ஒருவன் அதை முடித்துக் கொடுப்பானாம். இரண்டு பேர் பெயரையும் சேர்த்துப் போடுவார்களாம்.

"நல்ல பையன். திறமை உண்டு. என்னிடம் படித்தவன். அதனால்தான் பயம்," என்றார்.

"ரெண்டு பேர் பேரு போட்டா என்ன மேடம்? உங்க பேரும் இருக்குமில்லா?" என்று கேட்டேன். மறுபடி கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். கோபப்படவில்லை.

"முதலில் ரெண்டு பேர். அப்புறம் குழு," என்றார்.

அது என்னைச் சுட்டது. நான் அன்று சாலை வழியாக வீட்டுக்கு நடந்தபோது அந்த அம்மாளுக்காக எனக்கு யார் மேலென்று தெரியாத ஆத்திரம் வந்தது. அந்தத் தோளை எப்படியாவது திறந்துவிட வேண்டும் என்று மனசு பறந்தது. மறுநாள் அந்தப் பறப்பையும் சேர்த்துத் தோணியில் காட்டினேன். இன்னும் வேகமாக இழுத்தேன். அப்போதுதான் அவர் எழுந்து உட்கார்ந்து "ஸ்டாப்" என்றது.

"இந்தப் பக்கம் கோபம், வேகம். அந்தப் பக்கம் கோபம், மெதுவாக. நடுவில் நான்," என்றார். அவருடைய கண் கட்டியிருந்தது. நாங்கள் வாய் திறக்கவும் இல்லை. தாளத்தை வைத்தே கண்டுபிடித்துவிட்டார். நூறு வாத்தியம் ஒன்றாக வாசிக்கும்போது எந்த வரிசையில் யார் பிந்துகிறார் என்று கேட்டுக் கேட்டுப் பழகிய காது. நாலு கைகள் எம்மாத்திரம்.

எங்களுக்கு வெட்கமாகப் போய்விட்டது. வைத்தியரிடம் சொல்லிவிடுவார், ஜோடியைப் பிரித்துவிடுவார்கள் என்று பார்த்தேன். நான் ஸாரி சொல்லத் தொடங்கியதும் கையை ஆட்டி நிறுத்தினார். சுலோச்சனா ஒரு துண்டைக் கொண்டுவந்து அவர் மேல் போர்த்தினாள். எண்ணெய் சொட்டச் சொட்டத் தோணியில் உட்கார்ந்தபடியே அவர் பேசினார்.

பண்ணையின் பாட்டுக் குழுவில் இரண்டு வயலினுக்கும் பாட்டுக் காகிதம் வைக்க ஒரே ஸ்டாண்ட். அந்த ஸ்டாண்டில் இவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவள் ஒரே ஊர்க்காரி. ஒரு கூட்டத்தில் அவள் எழுந்து நின்று, ஷென்னின் அப்பா வெளிநாட்டு இசைத்தட்டுகளை வீட்டில் ஒளித்து வைத்திருக்கிறார் என்று சொல்லிவிட்டாள். அந்த ஆற்றங்கரை ஊரில் அப்பாவை ஜனங்களுக்கு நடுவில் தலை குனிய வைத்து நிறுத்தினார்கள். வேலையும் போயிற்று. மறுநாள் ஒத்திகைக்குப் போனால் அதே ஸ்டாண்ட், அதே பெண். இடம் மாற்ற முடியாது. கேட்டால் அதற்கும் ஒரு கூட்டம் போடுவார்கள். வருஷக்கணக்காகப் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் இரண்டு வில்லும் ஒன்றாகத்தான் தொடங்கும், ஒன்றாகத்தான் முடியும்.

"எப்படி மேடம்?" என்று கேட்டேன்.

"முகத்தைப் பார்க்கவில்லை. மூச்சைக் கேட்டேன். வில் எடுப்பதற்கு முன்னால் எல்லோரும் மூச்சு எடுப்பார்கள். அவளை வெறுத்தேன். இன்றைக்கும். ஆனால் அவள் மூச்சு எனக்குத் தெரியும். என் புருஷன் மூச்சைவிட நன்றாகத் தெரியும்."

சுலோச்சனாவுக்கு ஆங்கிலம் சுத்தமாகப் பிடிபடாது. அவள் கேட்டால் என்னிடம்தான் கேட்க வேண்டும். சொன்னால் நான்தான் சொல்ல வேண்டும். கொஞ்ச நேரம் தவித்துவிட்டு, சுவரைப் பார்த்தபடி கேட்டாள்.

"எந்தா பறஞ்ஞே?"

"நம்ம ரெண்டு பேருக்கும் தாளம் சேரலையாம். உங்க மூச்ச நான் கேக்கணுமாம், என் மூச்ச நீங்க கேக்கணுமாம்."

"அதினு சண்ட தீரணோ?"

அதற்கு எங்கள் சண்டை தீர வேண்டுமா என்று நான் மேடத்திடம் கேட்டேன். அவர் இல்லை என்று தலையை ஆட்டினார். சமாதானம் எல்லாம் அவர் ஊருக்குப் போன பிறகு நிதானமாகச் செய்துகொள்ளலாமாம், அதற்குக் காத்திருக்க அவருக்கு நேரமில்லையாம்.

"வேண்டாமாம். அதுக்கெல்லாம் நேரமில்லையாம்," என்றேன்.

"எந்நா சரி," என்றாள் சுலோச்சனா. எண்ணெயை மறுபடி சூடாக்கப் போனாள்.

4. மூச்சு

சொல்வது சுலபம். வருஷக்கணக்காக எதிரில் நின்ற ஒருத்தியின் மூச்சை நான் ஒரு நாளும் கேட்டதில்லை. தைலம் கொதிக்கிற சத்தம், ஃபேன் சத்தம், வெளியே ஆட்டோ சத்தம் எல்லாம் கேட்கிறது, அவள் மூச்சு மட்டும் கேட்கவில்லை. என் கால் துடித்தது. முந்திக்கொண்டு ஓடுகிற கையைப் பிடித்து நிறுத்துவது நாயைக் கயிற்றில் பிடிப்பது போலிருந்தது. மேடம் கண்ணைக் கட்டிப் படுத்தபடியே இடது கை விரலைத் தூக்குவார். பிசகிவிட்டது என்று அர்த்தம். மறுபடி கழுத்திலிருந்து தொடங்குவோம். இரண்டு நாள் அந்த விரல் ஓயவேயில்லை. ஒரு நோயாளி எங்களை வேலை வாங்குகிறாரே என்று எனக்கு எரிச்சலாகவும் இருந்தது.

பிறகு ஒரு காலையில் கேட்டது. இழுப்பதற்கு முன் அவள் மூக்கில் சன்னமான விசில் போல ஒரு மூச்சு. இறக்கும்போது அந்த மூச்சில் ஒரு இரைப்பு. நான் வேகமாக இழுத்த நாட்களில் எல்லாம் அவள் வீம்புக்கு மெதுவாக வரவில்லை. பாதியாவது மூச்சு முட்டியதால்தான். அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் தோணியிலிருந்து எடுத்து எண்ணெய் காய்ச்சுகிற இடத்தில் போட்டுவிடுவார்கள். நான் என் வேகத்தைக் குறைத்தேன். மன்னித்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். அது வேறு, இது வேறு.

அன்று மேடத்தின் விரல் எழும்பவில்லை. கொஞ்ச நேரத்தில் அவருடைய வலது தோள் எங்கள் கைக்கடியில் இளகி இறங்கியது. அது உங்களுக்கும் ஒரு நாள் கிடைக்கும், அப்போது தெரிந்துகொள்வீர்கள். நோயாளி பிடித்துக்கொண்டிருந்த உடம்பை நம் கையில் கொடுத்துவிடுகிற நிமிஷம் அது. தட்டிக்கொண்டேயிருந்த அந்த விரல்கள்கூட ஓய்ந்துவிட்டன. எழுப்பும்போதுதான் தூங்கிவிட்டார் என்று தெரிந்தது.

அதற்குப் பிறகு கை விலாவை விட்டு விலகத் தொடங்கியது. அதிசயம் ஒன்றும் நடந்துவிடவில்லை. தலைக்கு மேல் தூக்க முடியவில்லை. தோள் மட்டம் வரைக்கும் யாராவது தாங்கினால் வரும், தாங்காவிட்டால் நடுங்கி விழுந்துவிடும். வைத்தியருக்கு அதுவே திருப்தி. இனி ஊருக்குப் போய், சிகிச்சை நடந்த அளவு நாட்கள் வேலை செய்யாமல் பத்தியமாக இருந்தால் மீதியும் சரியாகும் என்றார். அந்தப் பத்தியம் முடிகிற வரைக்கும் ஆர்க்கெஸ்ட்ரா காத்திருக்காது என்று மேடம் கத்தினார். நானும் சேர்ந்து கத்தினேன். வைத்தியரிடம் நான் குரல் உயர்த்தியது அந்த ஒரு தடவைதான்.

வைத்தியர் மேடத்தின் தோளை மறுபடி பிடித்துப் பார்த்தார். "காலத்து கொறச்சு நேரம். ரெண்டாளும் கை தாங்கிப் பிடிக்கணும். வேதனை வந்தா நிர்த்தணும்," என்றார். காலையில் கொஞ்ச நேரம் எழுதலாம், வலித்தால் நிறுத்திவிட வேண்டும்.

5. கடைசிப் பக்கம்

உழிச்சல் முடிந்து, குளித்து, காலைக் கஞ்சி குடித்த பிறகு அறையில் மேஜையைச் சாய்த்துப் போட்டுக் காகிதத்தைப் பரப்புவோம். சுலோச்சனா பின்னால் நின்று தோளுக்கடியில் கையைக் கொடுப்பாள். நான் பக்கத்தில் நின்று முழங்கையையும் மணிக்கட்டையும் தாங்குவேன். மேடம் பேனாவைப் பிடிப்பார். அவர் கை புல்லாங்குழலுக்கு ஏறும்போது நாங்கள் ஏற வேண்டும், வயலினுக்கு இறங்கும்போது இறங்க வேண்டும், அடுத்த வரிசைக்கு நகரும்போது நகர வேண்டும். ஒருத்தி முந்தினாலும் கோடு கோணிப்போகும், தோளிலும் சுரீர் என்று வலிக்கும்.

எங்களுக்கு அந்தப் புள்ளிகளில் ஒன்றுகூடப் புரியாது. ஆனால் கை எப்போது ஏறும் என்று தெரிந்தது. ஏறுவதற்கு முன் அவர் மூச்சு எடுப்பார். சில இடங்களில் எழுதியதை அடித்துவிட்டு, நாற்காலியிலிருந்து எழுந்து அறைக்குள் நடப்பார். நாங்கள் கை வீசி இளைப்பாறுவோம். ஒரு நாள் முழுப் பக்கத்தையும் கிழித்துப் போட்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. சுலோச்சனா அந்தத் துண்டுகளைப் பொறுக்கிக் குப்பையில் போட்டுவிட்டு, புதுக் காகிதத்தை விரித்து, ஒன்றும் நடக்காததுபோல் தோளுக்கடியில் கையைக் கொடுத்தாள். அந்தப் பொறுமை எனக்கு எந்த ஜன்மத்திலும் வராது.

புறப்படுவதற்கு முந்தின காலையில் முடிந்தது. கடைசியில் இரண்டு கோடுகள் போட்டார், ஒன்று மெல்லியது, ஒன்று தடித்தது. பிறகு முதல் காகிதத்தை எடுக்கச் சொன்னார். மேலே அவர்கள் எழுத்தில் தலைப்பு இருந்தது. அதற்குக் கீழே பெயர் எழுதக் காலியிடம். பேனாவை அங்கே கொண்டுபோய் அப்படியே நிறுத்திவிட்டார். எழுதவில்லை. வலிக்கிறதா மேடம் என்று கேட்டேன். இல்லை என்றார்.

"உங்கள் பெயர் சொல்லுங்கள். ரெண்டு பேர் பெயரும். அதையும் எழுதுகிறேன்," என்றார்.

நிஜத்தைச் சொல்லிவிடுகிறேன், நான் என் பெயரைச் சொல்ல வாயைத் திறந்துவிட்டேன். சீனாவில் நூறு பேர் வாசிக்கிற காகிதத்தில் சாலை ஈஸ்வரி பெயர் என்றால் யாருக்கு ஆசை இருக்காது? ஆங்கிலம் தெரியாத சுலோச்சனாவுக்கு அது மட்டும் எப்படியோ புரிந்துவிட்டது.

"வேண்டா மேடம்," என்றாள். என் பக்கம் திரும்பி, "நீ பறயு, ஈஸ்வரீ. எழுதியது அவங்களாணு. நம்மள் கை பிடிச்சதே உள்ளூ," என்றாள்.

எழுதியது அவர்தான், நாங்கள் கையைத் தாங்கியதோடு சரி. நான் அதை ஆங்கிலத்தில் சொல்ல வேண்டியதாயிற்று. மேடத்தின் முகத்தைப் பார்க்காமல் காகிதத்தைப் பார்த்துச் சொன்னேன். வாயைத் திறந்துவிட்டு மூடியவள் அல்லவா. மேடம் இருவரையும் பார்த்தார். சிரிக்கவில்லை. காகிதத்தின் பக்கம் திரும்பி, "விடுங்கள்," என்றார்.

புதிதாக வருகிற பெண்களே, நோயாளி மேல் கை வைப்பதை எல்லோரும் சொல்லித் தருவார்கள். எடுப்பதை யாரும் சொல்லித் தருவதில்லை. தாங்கின கையை ஒருத்தி முதலில் எடுத்து இன்னொருத்தி பிறகு எடுத்தால் அந்தத் தோள் ஒரு பக்கமாக வெட்டி இழுக்கும். மூன்று வார வேலையும் அந்த ஒரு நொடியில் பாழாகும். எதிரில் நிற்பவளோடு உங்களுக்கு ஆயிரம் இருக்கட்டும், பேச வேண்டாம், முகத்தைப் பார்க்கவும் வேண்டாம். எடுக்கும்போது சேர்ந்து எடுங்கள்.

நாங்கள் அன்று ஒருவரையொருவர் பார்க்கவில்லை. அவளுடைய மூச்சு உள்ளே போவது எனக்குக் கேட்டது. அது வெளியே வரும்போது இருவரும் கையை எடுத்தோம். மேடம் ஷென்னின் கை அந்தரத்தில் நடுங்கியது. விழவில்லை. அவர் தன் பெயரை எழுதினார்.